சீட்டுக் கட்டில் ஒரு மொழி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் பெற்றோர் முகம் சுளிப்பது இயல்பு. வாரக் கூலியைச் சீட்டில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களை நம் தெருக்களிலேயே கண்டிருக்கிறோம். அப்படியிருக்க, கல்லூரி ஆண்டு மலரில் சீட்டாட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் வினவக்கூடும். நான் எழுத முற்படுவது பணம் வைத்து ஆடும் மூன்று சீட்டைப் பற்றியன்று. நால்வர் இருவர் இருவராக இணை சேர்ந்து, பேசாமலே பேசி ஆடும் பிரிட்ஜ் என்னும் ஆட்டத்தைப் பற்றியது. அந்த ஆட்டத்தில் கூட்டாளிகள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் எத்தகையவை, அவற்றுக்கு விதிக்கப்பட்ட வரம்பு யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். அந்த வரம்பு எனக்குச் சீட்டுக் கட்டுக்கு வெளியேயும் ஒரு பாடம் புகட்டியது. அதையும் இறுதியில் கூறுகிறேன்.

சூதா? திறனா?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஆந்திர மாநில அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் இடம்பெற்றுள்ளது. ரம்மி ஆட்டம் முழுக்க முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று, திறனே அதில் மேலோங்கி நிற்கிறது என்று அத்தீர்ப்பு கூறிற்று. அப்போது ஒப்புமைக்கு எடுத்துக்கொண்டது பிரிட்ஜ் ஆட்டத்தைத்தான். சீட்டுகளைக் கலைத்துப் பகிர்வதில் மட்டும் அதிர்ஷ்டம் உண்டு, அதன் பிறகு ஆடுவது மூளை என்பது அதன் சாரம்.

பகிர்வதில் உள்ள அந்த அதிர்ஷ்டத்தையும் போட்டிகளில் நீக்கிவிடுகிறார்கள். ஒரு மேசையில் பகிர்ந்த சீட்டுகளைக் கலைக்காமல் ஒரு பலகையில் செருகி அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். அதே கைகளை அங்கே வேறு நால்வர் ஆடுவர். ஒரே சீட்டுகளை வைத்து யார் மிகுதியாகச் சாதித்தார் என்பதே கணக்கு. எனவே ‘எனக்கு நல்ல சீட்டு வரவில்லை’ என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றது. அதில் ஆடவர் இணைப் பிரிவில் தங்கம் வென்றவர்கள் வங்காளத்தைச் சேர்ந்த பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் ஆவர். அப்போது அவர்களுக்கு வயது முறையே 60, 56. ஹாங்சோ ஆசியப் போட்டி 2023-இல் நடந்தபோது நம் ஆடவர் அணி வெள்ளி வென்றது. ஓட்டப் பந்தயத்தில் அறுபது வயதுக்காரர் தங்கம் வெல்ல இயலுமா? இந்த ஆட்டத்தில் இயலும்.

ஆட்டத்தின் அமைப்பு

எங்கள் ஊர் ஆவடிக்கு அருகேயுள்ள வெள்ளானூர். என் தந்தையார் கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவரும் அவருடைய தோழர்கள் மூவரும் வேப்பமரத்தடியில் அமர்ந்து ‘இருபத்தெட்டு’ ஆடுவார்கள். தோற்ற அணி நால்வருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும், அவ்வளவே பந்தயம். அந்த ஆட்டத்தில் 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. கூட்டினால் 28. எதிரெதிரே அமர்ந்தவர்கள் கூட்டாளிகள். ‘பதினாறு கேட்கிறேன்’, ‘பதினெட்டு’ என்று ஏலம் ஏறும். அதிகம் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். இந்த ஆட்டத்தை அறிந்தவர்களுக்குப் பிரிட்ஜ் அந்நியமன்று, அதற்குத் தூரத்து உறவுதான்.

பிரிட்ஜில் 52 சீட்டுகளும் உண்டு. ஆளுக்குப் பதின்மூன்று. ஒவ்வொரு சுற்றிலும் நால்வரும் ஒவ்வொரு சீட்டு இறக்க, உயர்ந்த சீட்டுக்கு அந்தப் பிடி சேரும். மொத்தம் 13 பிடிகள். ஆட்டம் தொடங்குமுன் ஏலம் நடக்கும். ‘இரண்டு இஸ்பேட்’ என்று ஒருவர் கேட்டால், ‘இஸ்பேட்டைத் துருப்பாக வைத்து ஆறுடன் இரண்டு, ஆக எட்டுப் பிடிகள் எடுப்போம்’ என்று பொருள். கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட் என்று இனங்கள் ஒன்றுக்கொன்று மேல். எல்லாவற்றுக்கும் மேல் துருப்பே இல்லாத ‘நோ டிரம்ப்’. தொடர்ந்து மூவர் ‘பாஸ்’ என்றால் ஏலம் முடிந்தது. கடைசியாகக் கேட்டதுதான் ஒப்பந்தம். ஏலத்தை வென்ற இணையில் ஒருவர் ஆட, மற்றவர் தம் சீட்டுகளை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவருக்கு ‘டம்மி’ என்று பெயர்.

பழைய பிரிட்ஜ் ஆட்டத்தின் மதிப்பெண் முறையைத் திருத்தி இன்றைய வடிவத்தைத் தந்தவர் அமெரிக்கரான ஹரால்ட் வாண்டர்பில்ட். 1925-இல் பனாமாக் கால்வாய் வழியே சென்ற கப்பலொன்றில் அவரும் நண்பர்களும் அதை முதன்முதலாக ஆடிப் பார்த்தனர். கேட்ட அளவுக்கு மட்டுமே பரிசு என்பது அவர் வலியுறுத்திய விதி. பத்துப் பிடிகள் எடுக்க வல்ல கையை வைத்துக்கொண்டு எட்டே கேட்டு நின்றுவிட்டால் பெரிய பரிசு கிடைக்காது. எனவே ஏலத்திலேயே கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறது என்று துல்லியமாக அறிய வேண்டிய கட்டாயம் பிறந்தது. ஏல மரபுகள் யாவும் இந்தக் கட்டாயத்தின் குழந்தைகள் எனலாம்.

முப்பத்தெட்டே சொற்கள்

ஒருவர் கைக்கு வரக்கூடிய பதின்மூன்று சீட்டுகளின் சேர்க்கைகள் எத்தனை தெரியுமா? 52-இலிருந்து 13-ஐத் தெரிவு செய்யும் வழிகள் 6,35,01,35,59,600. நொடிக்கு ஒரு கை வீதம் பார்த்தாலும் முடிக்க இருபதாயிரம் ஆண்டுகள் ஆகும். இத்தனை வகையான கைகளைக் கூட்டாளிக்கு விவரிக்க நமக்கு இருக்கும் சொற்கள் எத்தனை? ஒன்று முதல் ஏழு வரை ஏழு நிலைகள், ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து வகை, ஆக 35. அவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள் ஆகிய மூன்றையும் சேர்த்தால் 38. அகராதியில் முப்பத்தெட்டே சொற்கள்! மேலும் ஏலம் ஏறுமுகமாகவே செல்ல வேண்டும். சொன்னதைவிடக் குறைவாகப் பிறகு சொல்ல இயலாது.

சொற்கள் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதன்றி வேறு வழியில்லை. அதற்கு முதற்படி கையின் வலிமையை எண்ணால் அளப்பது. ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. கட்டு முழுவதும் 40 புள்ளிகள். மில்டன் வொர்க் என்பவர் பரப்பிய இம்முறையைச் சார்லஸ் கோரன் தம் நூல்கள் வாயிலாக உலகெங்கும் நிலைநிறுத்தினார். கூட்டாளிகள் இருவரிடமும் சேர்ந்து 25 அல்லது 26 புள்ளிகள் இருந்தால் ‘கேம்’ எனப்படும் பெரிய ஒப்பந்தத்தை எட்ட முயலலாம். நோ டிரம்ப்பில் கேம் என்பது மூன்று, அதாவது 9 பிடிகள். ஆட்டினிலும் இஸ்பேட்டிலும் நான்கு, அதாவது 10 பிடிகள்.

ஓர் எடுத்துக்காட்டு

இப்போது ஒரு கையை எடுத்துக்கொள்வோம். உங்கள் கூட்டாளி ‘ஒரு நோ டிரம்ப்’ என்று ஏலத்தைத் தொடங்குகிறார். அவரிடம் 15 முதல் 17 புள்ளிகள் இருக்கின்றன, இனங்கள் ஏறக்குறையச் சமமாகப் பரவியுள்ளன என்பது உங்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். உங்கள் கையில் இருப்பவை:

இஸ்பேட்: ராஜா, ஜாக்கி, 8, 4
ஆட்டின்: 7, 3
டைமன்: ராஜா, ராணி, 8, 2
கிளாவர்: ஜாக்கி, 7, 2

உங்களிடம் 10 புள்ளிகள். கூட்டினால் குறைந்தது 25. கேம் கேட்கலாம் என்பது உறுதி. ஆனால் எதில்? நோ டிரம்ப்பிலா, இஸ்பேட்டிலா? கூட்டாளியிடமும் நான்கு இஸ்பேட் இருந்தால் இஸ்பேட் நல்லது. இல்லையேல் நோ டிரம்ப். ‘உங்களிடம் நான்கு இஸ்பேட் உண்டா?’ என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. எனவே நீங்கள் ‘இரண்டு கிளாவர்’ என்கிறீர்கள். உங்கள் கிளாவரோ அற்பம். ஆயினும் இங்கே இந்தச் சொல்லுக்குக் கிளாவர் என்று பொருளில்லை. ‘நான்கு ஆட்டினோ நான்கு இஸ்பேட்டோ உங்களிடம் உண்டா?’ என்னும் வினா அது. ஆட்டின் இருந்தால் ‘இரண்டு ஆட்டின்’, இஸ்பேட் இருந்தால் ‘இரண்டு இஸ்பேட்’, இரண்டும் இல்லையேல் ‘இரண்டு டைமன்’ என்று விடை வரும். 1945-இல் இதைப் பற்றி எழுதிப் பரப்பிய சாமுவேல் ஸ்டேமன் பெயரால் இது ‘ஸ்டேமன் மரபு’ எனப்படுகிறது. உண்மையில் இதைக் கண்டறிந்தவர் அவருடைய கூட்டாளி ஜார்ஜ் ராபே.

உங்கள் கூட்டாளி ‘இரண்டு இஸ்பேட்’ என்கிறார். நீங்கள் ‘நான்கு இஸ்பேட்’ என்று முடிக்கிறீர்கள். அவருடைய கை இதோ:

இஸ்பேட்: ஆஸ், ராணி, 7, 3
ஆட்டின்: 9, 5
டைமன்: ஆஸ், ஜாக்கி, 6
கிளாவர்: ராஜா, ராணி, 9, 5

துருப்பில் நான்கு பெரிய சீட்டுகளும் உங்களிடமே. டைமனிலும் அப்படியே. எதிரணிக்கு ஆட்டினில் இரண்டு பிடிகள், கிளாவர் ஆஸுக்கு ஒன்று, ஆக மூன்றே. எதிரணியிடமுள்ள ஐந்து துருப்புகள் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருந்தால் பத்துப் பிடிகள் உறுதி. அவ்வாறு பிரிவதற்கான நிகழ்தகவு ஏறக்குறைய 68 விழுக்காடு. ஸ்டேமன் மரபு இல்லாமல் ‘மூன்று நோ டிரம்ப்’ என்று முடித்திருந்தால்? எதிரணி ஆட்டினில் தொடங்கி ஐந்து பிடிகளைத் தொடர்ந்து எடுத்துவிடலாம். எஞ்சுவது எட்டு. ஒன்பது எங்கிருந்து வரும்? அதே 26 புள்ளிகள்தாம், ஆனால் ஒரு வினாவும் ஒரு விடையும் தோல்வியை வெற்றியாக்கிவிட்டன.

இன்னொரு புகழ்பெற்ற மரபு 1930-களில் ஈஸ்லி பிளாக்வுட் உருவாக்கியது. பன்னிரண்டு, பதின்மூன்று பிடிகளுக்கு முயலுமுன் ஆஸ்கள் எத்தனை என்று அறிய வேண்டும். ‘நான்கு நோ டிரம்ப்’ என்று கேட்டால், விடை ஐந்தாம் நிலையில் வரும். கிளாவர் என்றால் ஒன்றுமில்லை அல்லது நான்கும், டைமன் என்றால் ஒன்று, ஆட்டின் என்றால் இரண்டு, இஸ்பேட் என்றால் மூன்று.

மறைவுக்கு இடமில்லை

இவற்றை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குத் தோன்றியது யாதெனில், ‘இதென்ன, ஜாடைதானே?’ என்பதுதான். வேப்பமரத்தடியில் என் தந்தையார் காதைத் தடவினால் அவரிடம் ஜாக்கி இருக்கிறது என்று பொருள். மீசையை நீவினால் ஒன்பது. ஸ்டேமன் செய்ததும் அதுதானே? கையை அசைப்பதற்குப் பதில் வாயை அசைத்தார்!

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் பிரிட்ஜின் அறமே அடங்கியிருக்கிறது. கூட்டாளிகள் எந்த மரபை வேண்டுமானாலும் வகுத்துக்கொள்ளலாம் என்பதற்குப் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் அவர்கள் அறிந்த ஒப்பந்தம் எதிரணியும் அறியத்தக்கதாக இருக்க வேண்டும். இரகசிய மொழி கூடாது. போட்டியாளர் ஒவ்வோர் இணையும் தம் ஒப்பந்தங்களை ஓர் அட்டையில் எழுதி எதிரணியின் பார்வைக்கு வைக்க வேண்டும். கூட்டாளியின் சொல்லுக்கு வழக்கத்துக்கு மாறான பொருள் இருந்தால், ‘அலர்ட்’ என்று சொல்லியோ அதற்கான அட்டையைக் காட்டியோ எதிரணியை எச்சரிக்க வேண்டும். எதிரணியைச் சேர்ந்தவர் தம் முறை வரும்போது, ‘அவர் சொன்னதற்கு என்ன பொருள்?’ என்று கேட்கலாம். சொன்னவரின் கூட்டாளி, தம் ஒப்பந்தத்தை மறைக்காமல் முழுமையாக விளக்கியாக வேண்டும். 2017-இல் திருத்தப்பட்ட விதிகளில் நாற்பதாம் விதி இதற்கென்றே உள்ளது.

அப்படியானால் ஏமாற்றவே கூடாதா? கூடும்! இதுதான் வியப்பு. ஐந்து இஸ்பேட் இருப்பதுபோல் ஒருவர் பொய்யாகக் கேட்கலாம். நிபந்தனை ஒன்றே. எதிரணி ஏமாறுவதைப் போலவே அவருடைய கூட்டாளியும் ஏமாற வேண்டும். ‘இவன் பொய் சொல்கிறான்’ என்று கூட்டாளிக்கு மட்டும் தெரிந்திருந்தால் அது குற்றம். ஆக, பிரிட்ஜ் விதிகள் தண்டிப்பது பொய்யை அன்று. ஒருவருக்குத் தெரிவித்து மற்றவருக்கு மறைப்பதையே தண்டிக்கின்றன.

ஒரு நிமிட யோசனை

சேர்க்கைகளும் நிகழ்தகவும் நடத்தும் எங்கள் கணிதப் பேராசிரியர், வகுப்பு முடிந்த பின் எங்களில் சிலருக்கு இந்த ஆட்டத்தைக் கற்பித்தார். கடந்த பருவத்தில் ஒரு மாலை நானும் என் வகுப்புத் தோழனும் ஓர் இணை. பேராசிரியரும் மற்றொரு விரிவுரையாளரும் எதிரணி. விரிவுரையாளர் ‘ஒரு இஸ்பேட்’ என்றார். என் தோழன் ‘பாஸ்’. பேராசிரியர் ‘நான்கு இஸ்பேட்’ என்று தாவினார். என் முறை. கையில் நல்ல சீட்டுகள், ஆனால் ஐந்தாம் நிலைக்குப் போகத் துணிவில்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ‘பாஸ்’ என்றேன். விரிவுரையாளரும் ‘பாஸ்’. அடுத்த நொடியில் என் தோழன் ‘ஐந்து டைமன்’ என்றான். ஆடினோம். பதினொரு பிடிகளும் வந்தன. துள்ளிக் குதித்தோம்.

பேராசிரியர் என் தோழனைப் பார்த்து அமைதியாகக் கேட்டார். “முதல் சுற்றில் பாஸ் சொன்னவன், இப்போது ஐந்து டைமன் கேட்டாயே, ஏனப்பா?”

அவன் வெள்ளை மனத்துக்காரன். “இவன் ரொம்ப நேரம் யோசிச்சான் சார். கையில ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு” என்றான்.

விரிவுரையாளர் சிரித்துவிட்டார். பேராசிரியர் சிரிக்கவில்லை. எங்கள் மதிப்பெண்ணை அடித்துவிட்டு, எதிரணி நான்கு இஸ்பேட்டை ஆடிப் பத்துப் பிடிகள் எடுத்ததாகக் கணக்கு எழுதினார். யோசிப்பது தவறன்று, யோசிக்கத்தான் இந்த ஆட்டம் என்றார். ஆனால் என் ‘பாஸ்’ ஒரு சொல், நான் எடுத்துக்கொண்ட ஒரு நிமிடம் இன்னொரு சொல். முப்பத்தெட்டில் இல்லாத அந்த முப்பத்தொன்பதாவது சொல்லைக் கேட்டு அவன் ஆடினான். குரலின் ஏற்ற இறக்கம், சீட்டை வைக்கும் வேகம், முகத்தின் சுளிப்பு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் சேதியைக் கூட்டாளி பயன்படுத்தலாகாது. அந்தச் சேதி ஒரு வழியைக் காட்டினால், நியாயமான வேறு வழி இருக்கும்போது அவ்வழியில் போகாமல் இருப்பது அவன் கடமை. பதினாறாம் விதி இதைத்தான் கூறுகிறது.

எனக்குக் கோபமும் வெட்கமும் ஒருங்கே வந்தன. நாங்கள் திருடவில்லையே, திட்டமிடவில்லையே! ஆவடி வரும்வரை ரயிலில் இருவரும் பேசவில்லை. பிறகுதான் புரிந்தது. விதி எங்களைத் திருடர்கள் என்று சொல்லவில்லை. எதிரே அமர்ந்தவருக்கு நாங்கள் செய்ய வேண்டிய கடமையை நினைவூட்டியது, அவ்வளவே.

சென்னையில் நடந்த உலகப் போட்டி

இது ஏதோ எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளின் சிக்கல் என்று எண்ண வேண்டா. உலக வல்லுநர்களும் இதில் இடறியிருக்கிறார்கள். 1965-இல் பியூனஸ் அயர்ஸில் நடந்த உலகப் போட்டியில், சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் சேதி பரிமாறியதாக ஆங்கில இணை ஒன்றின்மீது குற்றம் சாட்டப்பட்டது. உலகக் கழகம் குற்றம் என்றது. இங்கிலாந்தில் நடந்த விசாரணையோ ஐயத்துக்கு அப்பால் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. 1975-இல் பெர்முடாத் தீவில் இத்தாலிய இணை ஒன்று மேசைக்கடியில் காலால் தொட்டதாகப் புகார் எழுந்து, கண்டிக்கப்பட்டது. கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைத்ததும் அந்த உலகப் போட்டியில்தான். குரலைத் தவிர்க்க, வாயால் கேட்காமல் அட்டைப் பெட்டியிலிருந்து உரிய அட்டையை எடுத்து வைக்கும் முறையும் போட்டிகளில் வழக்கமாயிற்று.

2015-இல் இந்த உலகப் போட்டி நம் சென்னையிலேயே நடந்தது. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் எட்டிவிடும் தொலைவில், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் உலக நாடுகள் பெர்முடா கோப்பைக்காக ஆடின. அப்போது நான் தொடக்கப் பள்ளி மாணவன், ஒன்றும் அறியேன். போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் பிரிட்ஜ் உலகமே அதிர்ந்து கிடந்தது. முன்னணி இணைகள் சில இரகசியக் குறிகளைக் கையாளுவதாக நார்வே நாட்டு ஆட்டக்காரர் பாய் புரோகெலாண்ட் வெளிப்படையாகக் கூற, பலரும் பழைய ஒளிப்பதிவுகளை ஓட்டி ஓட்டிப் பார்த்தனர். ஓர் இணைமீது எழுந்த குற்றச்சாட்டு விந்தையானது. சீட்டுகள் செருகிய பலகையை மேசையில் எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதே, எந்த இனத்தில் தொடங்க வேண்டும் என்று கூட்டாளிக்குச் சொல்லும் சேதியாம்! 2016-இல் ஐரோப்பிய பிரிட்ஜ் கழகம் அந்த இணைக்குத் தடை விதித்தது. இத்தகைய சர்ச்சைகளுக்கிடையே இஸ்ரேல், ஜெர்மனி, மொனாக்கோ அணிகள் சென்னைக்கு வராமல் விலகிக்கொண்டன. வந்த அணிகளுள் போலந்து பெர்முடா கோப்பையையும், பிரான்ஸ் மகளிருக்கான வெனிஸ் கோப்பையையும் வென்றன.

எந்தப் பலகையை எங்கே வைத்தால் என்ன என்று நமக்குத் தோன்றலாம். ‘பலகையை இங்கே வைத்தால் இன்ன பொருள்’ என்று எதிரணிக்குச் சொல்லிவிட்டுச் செய்தாலும் விதி ஏற்காது. ஏனெனில் சேதி சொல்ல ஏலமும் சீட்டும் மட்டுமே வழிகள். சொல்லாமல் செய்ததோ இரட்டைக் குற்றம்.

வேப்பமரத்தடி ஆட்டம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவற்றையெல்லாம் என் தந்தையாரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்போ நாங்க ஆடுறது திருட்டு ஆட்டமாடா?” என்றார்.

நான் தயங்கினேன். அவரே தொடர்ந்தார். “நான் காதைத் தொட்டா ஜாக்கின்னு எதிர்ல இருக்கறவனுக்கும் தெரியும். இருவது வருசமா அதே காது, அதே மீசை. நாலு பேருக்கும் தெரிஞ்சதுக்குப் பேரு ஜாடையாடா? போன மாசம் புதுசா ஒருத்தன் வந்து ஒக்காந்தான் பாரு, அவனுக்கு மட்டும்தான் தெரியல. நாலு ஆட்டம் தோத்துட்டு, அஞ்சு வேளை டீ வாங்கிக் குடுத்த மாதிரி மூஞ்சிய வெச்சிக்கினு போயிட்டான். அப்புறம் வரவேயில்ல.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. “அவன்கிட்ட சொல்லியிருக்கணும்” என்றார்.

நாற்பதாம் விதியை இதைவிடத் தெளிவாக எவரும் எனக்கு விளக்கியதில்லை.

கேட்கும் உரிமையும் சொல்லும் கடமையும்

நான் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள். முதலாண்டில் நான்தான் அந்தப் புது ஆள். அக மதிப்பீடு, அரியர், கிரெடிட், போனஃபைடு என்று காதில் விழுந்த சொற்கள் ஒவ்வொன்றும் எனக்கு ‘இரண்டு கிளாவர்’ போலவே இருந்தன. சொல் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. காய்ச்சலால் ஓர் அக மதிப்பீட்டுத் தேர்வை எழுதவில்லை. காரணத்தை எழுதிக் கொடுத்து மறுதேர்வு கேட்கலாம் என்று எனக்குத் தெரியாது. அதே நாளில் வராத மற்றொரு மாணவன் கேட்டு எழுதிவிட்டான். அவனுடைய தமக்கை இங்கே படித்தவர். அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை, என்னிடம் எவரும் எதையும் மறைக்கவுமில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள். எனக்கோ கேட்க வெட்கம். அந்த மதிப்பெண் போயிற்று.

பிரிட்ஜ் மேசையில் எவரும் வெட்கப்படுவதில்லை. ‘இதற்கு என்ன பொருள்?’ என்று கேட்பது அறியாமையின் அடையாளமாக அங்கே கருதப்படுவதில்லை. உலக வாகையரும் கேட்கிறார். கேட்பது ஆட்டக்காரரின் உரிமை. அதைவிடப் பெரிய செய்தி, கேட்கும்வரை காத்திராமல் ‘அலர்ட்’ என்று முன்வந்து எச்சரிப்பது அறிந்தவரின் கடமை. நம் வழக்கத்தில் பாரம் முழுவதும் கேட்பவர் தலைமேல் இருக்கிறது. பிரிட்ஜ் அந்தப் பாரத்தில் பாதியை அறிந்தவர் தலைமேல் ஏற்றிவிட்டது.

இந்த ஆண்டு முதலாமாண்டு மாணவர்கள் சேர்ந்தபோது, நானும் என் தோழனும் ஒரு தாளில் இருபத்திரண்டு சொற்களை எழுதி, எதிரே பொருளையும் எழுதி, துறைத் தலைவரின் இசைவோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அக மதிப்பீட்டுத் தேர்வுக்கு வர இயலாவிட்டால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. எங்கள் துறையின் ஒப்பந்த அட்டை அது என்று பேராசிரியர் கூறினார். மற்றத் துறை நண்பர்களும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாளுக்கும் பசைக்கும் ஆன செலவு பத்து ரூபாய்க்குள்தான்.

பிரிட்ஜ் கற்க விரும்பும் நண்பர்கள் ஒரு சீட்டுக் கட்டோடு கணிதத் துறைக்கு வரலாம். பணம் வேண்டா. நால்வர் சேர்ந்தால் ஆட்டம். என்ன பொருள் என்று எத்தனை முறை கேட்டாலும் சொல்லித் தருவோம்.

என் தந்தையார் அந்தப் புது ஆளை அடுத்த வாரமே வேலைத்தளத்தில் தேடிப் பிடித்து அழைத்து வந்துவிட்டார். காதுக்கும் மீசைக்கும் உரிய பொருளை முதலில் சொல்லிவிட்டே சீட்டைக் கலைத்தார்களாம். அன்று தேநீர் வாங்கித் தந்தது என் தந்தையாரின் அணி.